பதினோராம் நாள் பால்

மத்தியான லுஹர் தொழுகைக்குப் போகும் முன் கருவியை நிறுத்த ஷிஃபானா மறந்துபோனாள். இருபத்தைந்து ஆண்டு வேலையில் அவள் ஒருநாளும் அப்படி மறந்ததில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் நிக்காஹ். பந்தல்காரர் காலையிலிருந்து நான்கு தடவை போன் செய்திருந்தார். அந்த நினைப்பில் விட்டுவிட்டாள்.

கருவியைப் பதினைந்தாம் நிமிடத்தில் நிறுத்திவிடுவது அந்தச் சோதனைச்சாலையின் வழக்கம். குழந்தைகளுக்கான பால்மாவை வெந்நீரில் கரைத்து, புரதத்தைத் திரியவைத்து வடிகட்டி, தெளிந்த நீரைக் கருவிக்குள் செலுத்துவார்கள். அது மெல்லிய நீண்ட குழாயொன்றில் ஓடும். அதிலுள்ள சர்க்கரைகள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஓடி, தன் நேரத்தில் மறுமுனைக்கு வந்துசேரும். வந்ததற்கு அடையாளமாகத் தாளில் ஒரு முகடு எழும். பன்னிரண்டாம் நிமிடத்தில் லாக்டோஸ் மலைபோல எழுந்து அடங்கும். அதோடு வேலை முடிந்தது. நூறு கிராம் மாவில் கார்போஹைட்ரேட் இத்தனை கிராம் என்று கணக்கிட்டு, டப்பாவில் அச்சிட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அதற்குமேல் ஓடவிட்டால் கரைப்பான்தான் வீண்.

தொழுதுவிட்டு வந்தபோது கருவி ஒருமணி நேரம் ஓடி முடித்திருந்தது. தாள் மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுருட்டப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

லாக்டோஸ் மலைக்கு அப்பால், யாரும் எட்டிப்பார்க்காத இடத்தில், சின்னச் சின்ன முகடுகளாக இருபதுக்கு மேல் நின்றன. முப்பத்தோராம் நிமிடத்தில் ஒட்டினாற்போல இரண்டு. வலப்பக்கத்தது உயரம்; இடப்பக்கத்தது அதில் பாதி, உச்சியில் சற்றே சாய்வு.

"ராத்தா..." என்றாள் ஷிஃபானா. அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

அது நீல டப்பா மாவு. ஊரில் தொட்டிப்பால் என்பார்கள். பெண்களின் மார்பிலிருந்து எடுத்த பால் சுரக்கும் செல்களைப் பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் பாலை உலர்த்தி விற்றார்கள். பசும்பால் மாவில் இல்லாத நுண்சர்க்கரைகள் அதில் உண்டு. தாய்ப்பாலில் மட்டுமே இருப்பவை. அந்தச் சர்க்கரைகளின் அளவும் வரிசையும் பெண்ணுக்குப் பெண் மாறும். கையெழுத்தைப்போல.

ஒரு கையெழுத்தை மட்டும் ஷிஃபானாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள் ரிஸ்வானாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பதினோராம் நாள் காலையில் ஒரு சிறு குப்பியை நீட்டி, "கொஞ்சம் பால் தா ராத்தா. எங்க கருவியில போட்டுப் பாக்கப்போறேன்" என்றாள்.

"எம் பாலுக்குமா மார்க் போடுவே?" என்று சிரித்தாள் ரிஸ்வானா. மத்தியானம் தாளைக் கொண்டுவந்து காட்டியபோது அந்த இரட்டை முகட்டைத் தொட்டு, "பள்ளிவாசல் மினாரா மாதிரி இருக்கு பாரு. ஒண்ணு கட்டி முடிக்கல" என்றாள்.

அன்று மாலை மூச்சுத் திணறி விழுந்தாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். இரவுக்குள் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எட்டுப் பக்கத் தாளை நீட்டினாள். "ஆராய்ச்சிக்கு மார்புலேருந்து கொஞ்சம் திசு எடுக்கணும். உங்க வீட்டுல இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்சவங்க யாரு?" வாப்பா தாளை மகள் பக்கம் நகர்த்தினார். இங்கிலீஷ் தெரிந்த ஷிஃபானா வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு நீல டப்பாக்கள் வந்தன. ஒரு வருடத்துக்கு இலவசம் என்றார்கள். எந்தப் புண்ணியவான்களோ என்று ஷிஃபானா ஐந்து வேளையும் அவர்களுக்காக துஆ கேட்டாள். பிள்ளையின் தகப்பன் துபாயில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். ஷிஃபானா திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பிள்ளை இல்யாஸை வளர்ப்பதிலேயே அவள் காலம் போனது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அவன்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்து, தடுப்பூசி அட்டைகள் வைத்திருந்த உறையிலிருந்து பழைய தாளை எடுத்தாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தாள். ஒரு முகடுகூடப் பிசகவில்லை.

அவளை நடுங்கவைத்தது வேறொன்று. தாய்ப்பால் பிள்ளையோடு சேர்ந்து வளரும். முதல் வாரத்தில் ஒரு மாதிரி, மூன்றாம் மாதத்தில் ஒரு மாதிரி, நடக்கத் தொடங்கும்போது வேறு மாதிரி. நுண்சர்க்கரைகள் நாளாக ஆகக் குறையும். இந்தப் பால் மாறவே இல்லை. இருபத்துநான்கு வருடமாகத் தொட்டிக்குள் அது பதினோராம் நாளிலேயே நின்றிருக்கிறது.

"சாச்சி, அது என்ன தாளு?" இல்யாஸ் உள்ளே வந்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. சட்டையெல்லாம் உப்பு. "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? மாப்பிள்ள நானா நீயா?"

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் தாளு. கைய கழுவிட்டு வா."

"கல்யாணத்தன்னிக்கும் ஆபீஸ் தாளத் தூக்கிட்டு வராதே. ஹனியா பயந்துருவா."

ஹனியா. அந்தப் பெயரைக் கேட்டதும்தான் ஷிஃபானாவுக்கு அடுத்த அடி விழுந்தது.

நிச்சயத்தன்று ஹனியாவின் உம்மா ஆஃப்ரின் எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொல்லியிருந்தாள்: "எம் மவ நீல டப்பாவிலயே வளந்தவ. அவ வாப்பா ஜித்தாவுல ராத்திரி பகலா ஓட்டுன டாக்ஸிக் காசெல்லாம் டப்பாவுக்குத்தான் போச்சு." மாப்பிள்ளையும் அதே டப்பாதான் என்றதும், ஒரே டப்பா ஜோடி என்று பெண்கள் கேலி செய்து சிரித்தார்கள். அன்று ஷிஃபானாவும் சேர்ந்து சிரித்தாள்.

மார்க்கச் சட்டப்படி ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் எல்லாரும் அவளுக்குப் பிள்ளைகள். அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உடன்பிறப்புகள். அவர்களுக்குள் மணம் கூடாது. தொட்டிப்பால் ஊருக்குள் வந்தபோதே இந்தக் கேள்வி எழுந்தது. ஆயிரம் பெண்களின் செல்களைக் கலந்து செய்தது, இன்னாருடைய பால் என்று சொல்லவே முடியாது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. "அப்படியானால் இதனால் உறவு உண்டாகாது. இன்னார் என்று தெரியவந்தால் அப்போது வேறு பேச்சு" என்றார் பள்ளிவாசலின் அன்றைய ஹஜ்ரத்.

இப்போது இன்னார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தவள் உலகத்தில் ஒரே ஒருத்தி. அவள் வாயைத் திறந்தால் நிக்காஹ் நின்றுபோகும். திறக்காவிட்டால் ராத்தாவின் மகனை, ராத்தாவின் பால் குடித்த பெண்ணுக்கே கட்டிவைத்ததாகும்.

அன்றிரவு அடுப்படியில் ஏலக்காயும் பட்டையும் போட்டுவைத்திருந்த பழைய நீல டப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

எதையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்காமல் ஷிஃபானா நம்புவதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பழைய டப்பாவின் அடிமடிப்பைக் கத்தியால் நெம்பித் திறந்தாள். உள்ளே கால் தேக்கரண்டி மாவு பழுப்பேறிக் கிடந்தது. அதையும், பின்னால் சரிபார்க்கவென அலமாரியில் காப்பு மாதிரியாக வைத்திருந்த வேறு மூன்று மாதத்து மாவையும் முழு ஒருமணி நேரம் ஓடவிட்டாள். ஒவ்வொரு தடவையும் முப்பத்தோராம் நிமிடம் நெருங்கும்போது அவள் நாக்கு தானாக ஓதத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் கட்டி முடிக்காத அந்த மினாரா எழுந்து வந்தது.

சோதனைச்சாலைத் தலைவர் எடிசனிடம் தாள்களைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்.

"கலப்பு இல்ல. ஒரே ஆளு," என்றார்.

"ஆயிரம் பேருன்னு எழுதிக் குடுத்தாங்களே சார்."

"பொய் சொல்லியிருக்க மாட்டாங்கம்மா. ஆயிரம் பேருதான் போட்டிருப்பாங்க. தொட்டிக்குள்ள மத்தவங்க செல்லெல்லாம் கொஞ்ச நாள்ல ஓய்ஞ்சிருக்கும். ஒருத்தியோடது மட்டும் ஓயல. பெருகிப் பெருகித் தொட்டி பூரா அவளே ஆயிட்டா. யாரும் பாக்கல. நாம பாத்தமா? லாக்டோஸ் வந்ததும் சுவிட்ச அணைச்சுட்டு டீ குடிக்கப் போனோம்." அவர் தாளைத் தடவினார். "என்ன வைராக்கியம்டா சாமி. யாரு பெத்த மகளோ."

"எங்க வாப்பா பெத்த மக சார்."

எடிசன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் எழுந்து, பிளாஸ்கிலிருந்து தன் டீயை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடி. நானும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்களக் கட்டிக் குடுத்தவன். ஒங்க மார்க்கத்துல நான் வாய் வைக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்கேன். நம்ம ரிப்போர்ட்ல கடைசி வரி என்ன?"

தினமும் கையெழுத்துக்கு மேலே பார்க்கிற வரி. அவள் மனப்பாடமாகச் சொன்னாள்: "சோதனைக்கு வந்த மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்."

"அதான். டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும். பிள்ள வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு எந்தக் கருவி சொல்லும்? போயிக் கேளு. கேக்காம நீயே முடிவெழுதாதே."

புதன்கிழமை மத்தியானம் ஆஃப்ரின் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் மருதாணி அரைக்கும் சத்தம். தாங்கள் இருவரும் மட்டும் பேசவேண்டும் என்றதும் ஆஃப்ரின் சிரித்தாள். "என்ன சம்மந்தி, கடைசி நேரத்துல கார் கேக்க வந்தியளா?"

"இல்ல மைனி." அடுப்படியில் உட்கார்ந்து, தாள்களை மடியில் விரித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தான் போட்ட கையெழுத்தையும் சொன்னாள்.

ஆஃப்ரினின் முகம் வெளுத்துப்போனது.  எழுந்து அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு சொன்னா என்னை ஏச மாட்டியளே?"

"சொல்லுங்க மைனி."

"எம் மவ அந்த டப்பாவ ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல."

ஷிஃபானா நிமிர்ந்தாள். நம்பவேண்டும் என்று மனம் துடித்தது. அதனாலேயே நம்பப் பயந்தாள். "கல்யாணம் நிக்கக் கூடாதுங்கிறதுக்காகச் சொல்றியளா?"

"அல்லாஹ்மேல ஆணையா இல்ல. எனக்குப் பால் ஊறல. டப்பா வந்த அன்னிக்கு வெந்நி வச்சுட்டு இருக்கேன், பிள்ள கத்துற கத்துல பக்கத்து வீட்டு யாழினி பின்வாசல் வழியா ஓடிவந்தா. பிள்ளையத் தூக்கி மார்ல போட்டுக்கிட்டா. அன்னியிலேருந்து பிள்ளைக்குச் சோறு பழகுற வரைக்கும் அவதான். எம் மாமியார் எப்படிப்பட்டவங்கன்னு ஊருக்கே தெரியும். அடுத்த வீட்டு, வேற சாதிசனத்துப் பொண்ணு பால் குடுக்கிறான்னு தெரிஞ்சா என்னை விட்டுவைப்பாங்களா? இவுக வேற, டப்பா டப்பான்னு மாசாமாசம் காசு அனுப்புறாக. எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப அந்த மாவையெல்லாம் என்ன செஞ்சிய?"

ஆஃப்ரின் முந்தானையால் வாயைப் பொத்தினாள். "வட்டலப்பத்துல போட்டேன். மாமியாருதான் முக்கால்வாசி சாப்பிட்டாங்க. ஒங் கைப்பக்குவம் வருமாடின்னு என்னைப் புகழ்ந்ததே அந்த ஒரு வருஷந்தான்."

ஷிஃபானாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. ராத்தா இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

ஆனாலும் அவள் இரண்டு தடவை பார்ப்பவள். ஆஃப்ரினை இருக்கச்சொல்லிவிட்டுத் தனியாகப் பின்வாசல் வழியே போனாள். யாழினி மாடிப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஹனியா கைப்பிள்ளையா இருந்தப்ப என்ன குடிச்சு வளந்தா, ஒங்களுக்குத் தெரியுமா?"

யாழினியின் கை நின்றது. "டப்பாப்பால்," என்றாள் அவசரமாக. பிறகு ஷிஃபானாவின் கண்களைப் பார்த்தாள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு ஆஃப்ரின் அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சொன்னா அந்தப் பிள்ளையோட கல்யாணம் நடக்கும். சொல்லலேன்னா நின்னுரும்."

யாழினி கீரைத்தட்டைக் கீழே வைத்தாள். "என்னங்க இது? எம் பையன் கவினுக்கு அப்ப நாலு மாசம். அந்தப் பிள்ள சுவத்துக்கு அந்தப் பக்கம் கத்துது. இங்க எனக்குச் சட்டை நனைஞ்சு போச்சு. பிள்ள அழுதா நம்மளக் கேட்டா ஊறுது? ஓடினேன். அவ்வளவுதான். பல்லு முளைச்சதும் கடிச்சு வச்சா கழுத. ஒரு வருஷமும் நாலு மாசமும். இதைப் போயி ஒரு தப்புன்னு..."

"தப்பில்ல," என்று ஷிஃபானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கக் கீரை வாசனை. "தப்பில்லம்மா. நீங்க அவளுக்குத் தாயி. எங்க மார்க்கத்துல அது சத்தியம்."

இரண்டு வாக்கும் ஒத்துப்போயின. வாழ்க்கையில் முதல்முறையாக, எந்தக் கருவியிலும் ஓட்டாத ஒரு முடிவை அவள் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டாள்.

வியாழக்கிழமை இல்யாஸிடம் சொன்னாள். ஒப்பிட்ட தாள்களையும் காட்டினாள். அவன் இரட்டை முகட்டின்மேல் விரலை வைத்து எடுக்காமல் இருந்தான்.

"அப்ப நான் குடிச்சது உம்மா பாலா?"

"ஆமா வாப்பா. டப்பா நின்ன வரைக்கும்."

"இத்தன நாளா கபருல இருக்காங்கன்னு நெனச்சேன்," என்றான்.  எழுந்து வெளியே போனவன் இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. பெண்வீட்டுப் பெண்களின் வரிசையில் யாழினியை முதல் ஆளாக உட்காரவைத்தாள் ஆஃப்ரின். சொல்லவேண்டியதை அவளே எல்லார் முன்னாலும் சொன்னாள். வயதான மாமியார் கொஞ்சநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டு, "அந்த வட்டலப்பம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கவின் தங்கைக்குச் செய்யவேண்டிய முறை என்னவென்று யார் யாரையோ விசாரித்து, கடைசியில் தனக்குத் தெரிந்த முறைப்படி ஒரு தட்டில் பட்டும் பழமும் கொண்டுவந்து வைத்தான்.

திங்கட்கிழமை ஷிஃபானா அறிக்கை எழுதினாள். தன் வீடு தப்பியது. அதோடு பேசாமல் இருந்துவிட முடியாது. நீல டப்பா குடித்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர், எந்தெந்த ஊரில், யாருக்கு யார் நிச்சயமாகியிருக்கிறார்களோ. "எல்லா மாதிரிகளும் ஒரே பெண்ணிடமிருந்து பெறப்பட்டவை" என்று எழுதி, ராத்தாவின் பழைய தாளையும் இணைத்தாள். எடிசன் மறுபேச்சின்றிப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டிருந்தது. டப்பாக்களைத் திரும்பப் பெறுகிறோம், அந்த டப்பாக்களின் எண்களைப் பட்டியலாக வெளியிடுகிறோம், அந்தச் செல்களை அழித்துவிட உத்தேசித்திருக்கிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவரின் சம்மதம் தேவை. எட்டுப் பக்கம்.

இந்தத் தடவை ஷிஃபானா ஒவ்வொரு வரியையும் வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்தவளால் நகர்த்த முடியவில்லை.

"நான் உண்மையச் சொன்னதுக்கு ராத்தாவ ரெண்டாவது தடவ கொல்றேன்," என்றாள்.

இல்யாஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "சாச்சி, எனக்காகத்தான் அவங்க ஓயாம நிக்கிறாங்க. பதினோரு நாள் பிள்ளைக்குப் பசிக்குமேன்னு. நான் வளந்துட்டேன்னு யாராவது சொல்லணும்ல? அழிக்க வேணாம். அடக்கிருவோம்."

ஷிஃபானா 'அழிக்க' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'குடும்பத்தாரிடம் ஒப்படைக்க' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

கைக்கடக்கமான ஒரு எஃகுக் குடுவை வந்தது. ஹஜ்ரத் தயங்காமல் சம்மதித்தார். ரிஸ்வானாவின் தலைமாட்டில் ஒரு முழம் தோண்டி, இல்யாஸ் தன் கையால் வைத்து மூடினான். கபருஸ்தான் சுவருக்கு வெளியே, அழைக்காமலே, முன்பின் தெரியாத பிள்ளைகள் சிலர் நின்றிருந்தார்கள். பட்டியலில் தங்கள் டப்பாவைப் பார்த்து வந்தவர்கள். ஒரு பெண்ணின் கையில் குழந்தை இருந்தது. அவர்களை இல்யாஸ் உள்ளே கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பிடி மண் போடச் சொன்னான்.

மறுநாள் சோதனைச்சாலைக்கு ஷிஃபானாவோடு அவனும் வந்தான். அலமாரியில் காப்பு மாதிரியாக ஒரே ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது. விவகாரம் முடிந்துவிட்டதால் அன்றோடு அதை அப்புறப்படுத்தவேண்டும்.

"ஒரு டம்ளர் கலக்கித் தர்றியா, சாச்சி?"

அவள் எடிசனைப் பார்த்தாள். விதிகளை ஒருநாளும் வளைக்காத அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெந்நி அந்தக் கெட்டில்ல இருக்கு," என்றார்.

இல்யாஸ் நாற்காலியில் உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி, வலக்கையால் டம்ளரை எடுத்து மூன்று மிடறாகக் குடித்தான்.

"பெருசா இனிக்கலயே," என்றான்.

"தாய்ப்பால் லேசாத்தான் இனிக்கும்."

அவன் டம்ளரை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். ஷிஃபானா பதிவேட்டைத் திறந்தாள். அப்புறப்படுத்திய விதம் என்ற கட்டத்தில் மூன்று வழிகள் அச்சிட்டிருந்தன: எரித்தது, புதைத்தது, பிற. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இருந்த சிறிய இடத்தில் தெளிவான எழுத்தில் எழுதினாள்:

"மகன் குடித்தான்."